சூளகிரியில் விழாத கல்

2008 செப்டம்பர் 12 அன்று நம்ம சூளகிரிப் பக்கம் வானத்திலிருந்து கல் விழுந்தது. கதை இல்லை, உலக விண்கல் பட்டியலில் 'சூளகிரி' என்ற பெயரிலேயே ஒரு பதிவு இருக்கிறது. மொத்த எடை சுமார் 110 கிலோ. வகை: எல்.எல்.6. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிற எத்தனையோ பேருக்கு, பாதி வழியில் இருக்கும் அந்த ஊரின் பெயரை உலகம் முழுக்க விண்கல் ஆராய்ச்சி செய்பவர்கள் உச்சரிக்கிறார்கள் என்று தெரியாது.

ஆனால் இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றி மட்டும் அல்ல. சூளகிரியில் விழாத இன்னொரு வகைக் கல்லைப் பற்றியது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள் பட்டை இருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் இருப்பவற்றில் பெரும்பான்மை கரி போலக் கருத்த, கார்பன் கலந்த கற்கள். முக்கால் பங்கு என்றுகூடப் பாடநூல்களில் போட்டிருக்கும். அப்படியானால் பூமியில் விழுகிற கற்களிலும் பெரும்பான்மை கருப்பாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. விழுவதைப் பார்த்து எடுத்த கற்களில் 100க்கு 80 சூளகிரிக் கல்லின் சாதி: சாதாரண காண்ட்ரைட். கார்பன் வகை 100க்கு 4 அல்லது 5 தான்.

மேலே பெரும்பான்மை, கீழே சிறுபான்மை. நடுவில் என்ன நடக்கிறது?

எவ்வளவு கருப்பு?

'கருப்பு' என்று சொன்னால் போதாது, அளவு வேண்டும். ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அளவு. சூளகிரிக் கல் வகையைச் சேர்ந்த வெளிர் சிறுகோள்கள் 100 பங்கு வெளிச்சம் விழுந்தால் சுமார் 20, 25 பங்கைத் திருப்பி அனுப்பும். கார்பன் வகை 4, 5 பங்கு மட்டும். புதுசாகப் போட்ட தார் ரோடு ஏறக்குறைய அதே அளவுதான். நெடுஞ்சாலையில் புதுத் தார் போட்ட இடத்தை ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் கடந்திருப்பீர்கள், வெளிச்சம் முழுக்க ரோட்டுக்குள் போய்விட்ட மாதிரி இருக்கும். 250 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு தார் உருண்டையைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். பெரிய கருஞ்சிறுகோள் என்பது அதுதான்.

இதில் ஓர் ஆச்சரியம், இந்தக் கற்களில் கார்பன் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. எடையில் இரண்டு, மூன்று சதவீதம் அளவுதான். ஆனால் அது மாவு மாதிரி நுணுக்கமாகக் கல் முழுக்கப் பரவியிருக்கிறது, கூடவே இரும்பு சேர்ந்த கருந்தாதுக்களும். ஒரு வாளி சுண்ணாம்பில் ஒரு கரண்டி கரித்தூளைக் கலக்கிப் பாருங்கள், வாளியே சாம்பல் நிறமாகிவிடும். அதே கதைதான்.

நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சாட்சி

இந்தக் கருப்பு நம் கண்ணை எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு நல்ல சாட்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், அப்போது மதராஸ் வானியல் ஆய்வகம் இருந்தது. 1861ல் அங்கே பொறுப்பேற்றவர் நார்மன் ராபர்ட் போக்சன். 1891ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். மதராஸிலிருந்து அவர் கண்டுபிடித்த சிறுகோள்கள் ஐந்து: ஏசியா (1861), சாப்போ (1864), சில்வியா (1866), கேமில்லா (1868), வேரா (1885). ஏசியாதான் ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள். பெயர்க் காரணமும் அதுவே.

முதல் நான்கை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏசியாவின் விட்டம் சுமார் 58 கிலோமீட்டர். சாப்போ சுமார் 70. இரண்டும் வெளிர் கற்கள். அடுத்து வந்த சில்வியா சுமார் 270 கிலோமீட்டர், கேமில்லா 200க்கும் மேல். இரண்டும் கரும் கற்கள். ஒரே ஊர், ஒரே வானம், ஒரே மனிதர். பொடிசுகள் முதலில் கண்ணில் பட்டன, பூதங்கள் பின்னால் வந்தன.

இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சில்வியாவின் பரப்பு ஏசியாவைவிட சுமார் 20 மடங்கு. ஆனால் அதே அளவு பரப்பை எடுத்துக்கொண்டால் சில்வியா திருப்பி அனுப்பும் வெளிச்சம் ஏசியாவில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆக, 20 மடங்கு லாபம் 4 மடங்காகச் சுருங்கிவிட்டது. அடுத்தது தூரம். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தை 1 என்று வைத்தால் ஏசியாவின் சராசரித் தூரம் 2.4, சில்வியா 3.5. சூரிய ஒளி அங்கே போகும்போதும் மங்கும், திரும்பி நம்மிடம் வரும்போதும் மங்கும். இரண்டையும் பெருக்கினால் சில்வியாவுக்கு 6 மடங்கு நஷ்டம். 4 மடங்கு லாபம், 6 மடங்கு நஷ்டம். முடிவில் ஏசியாதான் ஒன்றரை மடங்கு பிரகாசமாகத் தெரியும். மலை மங்கலாகவும் மண்ணாங்கட்டி பளிச்சென்றும்!

கண்டுபிடிப்பு வரிசைக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு டெலஸ்கோப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, மேகம் இருந்ததா என்பதெல்லாம் உண்டு. ஆனால் பொதுவாக வெளிர் கற்களுக்குச் சாதகமாகத்தான் தராசு சாய்ந்திருந்தது. சில்வியாவைவிடப் பெரிய இன்டெராம்னியா என்ற கருஞ்சிறுகோள் 1910 வரை யார் கண்ணிலும் படவே இல்லை. பட்டையில் அதைவிடப் பெரியவை நாலே நாலுதான்!

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். விண்மீன்களின் பிரகாசத்தை இன்றைக்கும் நாம் அளக்கும் அளவுகோல், அதாவது 5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு பிரகாசம் என்ற விதி, 1856ல் இதே போக்சன் முன்வைத்ததுதான். பிரகாசத்தை அளக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்தப் பிரகாசத்தை மட்டும் நம்பினால் அளவில் ஏமாந்துபோவோம் என்பதற்குச் சாட்சியும் அவர் கண்டுபிடித்த கற்களே.

சின்ன வெளிரா, பெரிய கருப்பா?

சரி, டெலஸ்கோப்பில் எல்லாமே வெறும் ஒளிப்புள்ளி. அது சின்ன வெளிர்க் கல்லா, பெரிய கருங்கல்லா என்று எப்படிப் பிரிப்பது?

இதற்கு விடை நம்ம கம்பெனி பார்க்கிங்கிலேயே இருக்கிறது. மே மாதம் ஷிஃப்ட் முடிந்து வந்து கருப்பு சீட் வைத்த வண்டியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். வெள்ளை ஸ்கூட்டி பக்கத்திலேயே அதே வெயிலில்தான் நின்றிருக்கும், ஆனால் சூடு பிடித்தது கருப்பு சீட். திருப்பி அனுப்பாத வெளிச்சமெல்லாம் சூடாகிறது. சூடான பொருள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசும். ஆகவே ஒரு சிறுகோளைக் கண்ணொளியில் ஒரு தடவை, அகச்சிவப்பில் ஒரு தடவை அளந்தால் போதும். கண்ணுக்கு மங்கல், அகச்சிவப்பில் பிரகாசம் என்றால் அது பெரிய கருப்பு. 1983ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோளும், 2010 முதல் வைஸ் செயற்கைக்கோளும் இப்படித்தான் ஆயிரக்கணக்கான சிறுகோள்களை அளந்தன. பட்டையின் பெரும்பான்மை கருப்பு என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததில் இந்த அளவீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சில்வியா இன்னொரு வகையிலும் உதவியது. 2001ல் அதற்கு ஒரு நிலா இருப்பது தெரிந்தது. 2005ல் இரண்டாவது நிலாவும் அறிவிக்கப்பட்டது. இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று முதன்முதலில் தெரியவந்தது இதுதான். பெயர்கள் ரோமுலஸ், ரெமஸ். (கேமில்லாவுக்கும் இரண்டு நிலா உண்டு. மதராஸ்காரர் பிடித்த இரண்டு கருப்புக்கும் ஜோடி ஜோடியாக நிலா!)

நிலா இருந்தால் எடை போட்டுவிடலாம். ரோமுலஸ் சுமார் 1,360 கிலோமீட்டர் தூரத்தில் 3.65 நாளுக்கு ஒரு சுற்று. கெப்ளர் விதியில் போட்டால் சில்வியாவின் நிறை பூமியில் 4 லட்சத்தில் ஒரு பங்கு என்று வருகிறது. அதைக் கனஅளவால் வகுத்தால் அடர்த்தி தண்ணீரைப்போல 1.2 முதல் 1.4 மடங்கு. நம்ம ஊர்க் கருங்கல் 2.7 மடங்கு இருக்கும், சாதாரண விண்கல் 3 மடங்குக்கு மேல். அதாவது சில்வியா ஒரே பாறை அல்ல. நடுவே நிறைய வெற்றிடம் விட்டுக் குவிந்த கற்குவியல், உள்ளே பனிக்கட்டியும் இருக்கலாம். நிபுணர்கள் இதைக் கண்டிப்பான 'சி' வகையில் சேர்ப்பதில்லை. அதன் நெருங்கிய உறவான 'பி' வகை என்பார்கள். இந்த வகையிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்லும்படி ஒரு கல்கூட அருங்காட்சியகங்களில் இல்லை என்றே பலர் கருதுகிறார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஏன் கையில் கிடைக்கவில்லை?

நாலு சல்லடை

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஷர் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே பாறைதான் உள்ளே போகிறது. ஒவ்வொரு சல்லடையாக இறங்கி, கடைசியில் லாரியில் ஏறுவது ஒரு சைஸ். லாரியை மட்டும் பார்த்துவிட்டு மலையே இந்த சைஸ் ஜல்லிதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். விண்கல் விஷயத்தில் நாம் நெடுங்காலமாக லாரியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் சல்லடை, இடம். ஓசூரில் இருப்பவர் காலையில் கிளம்பி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம், கன்னியாகுமரியில் இருப்பவரால் முடியுமா? பட்டையிலும் அப்படித்தான். வெளிர்க் கற்கள் பட்டையின் உள்விளிம்பில் அதிகம், கருப்பு வெளிப்பக்கம் அதிகம். வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பு தாளம் தப்பாமல் உந்தி உந்திக் கற்களை உள்நோக்கித் தள்ளிவிடும் பாதைகள் சில உண்டு. அவற்றில் நமக்கு அதிகமாகச் சரக்கு அனுப்பும் பாதை உள்விளிம்பை ஒட்டி இருக்கிறது. எல்.எல். வகைக் கற்களுக்குப் பிறப்பிடமாக பலர் கைகாட்டும் ஃப்ளோரா குடும்பம் இருப்பதும் அங்கேதான். சில்வியா இருக்கும் இடம் அதற்கு நேர் எதிர் மூலை.

இரண்டாவது, வெயில். பட்டையை விட்டுக் கிளம்பிய கல் நேராகப் பூமிக்கு வராது. லட்சக்கணக்கான ஆண்டுகள் சூரியனைச் சுற்றிச் சுற்றி, சில சமயம் மிக அருகில் போய்விட்டு வரும். ஒவ்வொரு தடவையும் சூடேறி, குளிர்ந்து, விரிந்து, சுருங்கி, விரிசல் விடும். கருங்கல் அதிகச் சூடு வாங்கும், போதாததற்கு உடம்பிலும் வலு கிடையாது. 2016ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, சூரியனை நெருங்கும் சிறுகோள்கள் நொறுங்கி அழிகின்றன, அதிலும் கருத்தவை இன்னும் தூரத்திலேயே அழிந்துபோகின்றன என்று காட்டியது. 2025ல் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வந்த இன்னொரு ஆய்வு, பல நாடுகளில் எரிகற்களைப் படம்பிடிக்கும் கேமராக்களின் பதிவுகளை அலசி, பூமியின் காற்று மண்டலத்தைத் தொடுவதற்கு முன்பே சூரியன் வலுவில்லாத கற்களைக் கழித்துக்கட்டிவிடுகிறது என்று சொன்னது.

மூன்றாவது, காற்று. நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றில் மோதுவது சுவரில் மோதுவது மாதிரி. சூளகிரிக் கல்லின் பெயரில் இருக்கும் '6' என்பது, அது தன் தாய்ச் சிறுகோளுக்குள் இருந்தபோது 800 டிகிரிக்கு மேல் வெந்து இறுகியது என்று அர்த்தம். சூளையில் சுட்ட செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் வகையில் பல கற்கள் அப்படி வேகவே இல்லை. தண்ணீரில் ஊறிய களிமண் தாதுக்கள் அப்படியே இருக்கின்றன. பச்சைச் செங்கல். இரண்டையும் மாடியிலிருந்து போட்டால் எது முழுசாகத் தரைக்கு வரும்?

2000 ஜனவரி 18 அன்று கனடாவில் உறைந்த டாகிஷ் ஏரியின் மேல் விழுந்த கார்பன் வகைக் கல் இதற்கு உதாரணம். காற்றில் நுழைந்தபோது 50 டன்னுக்கு மேல் இருந்திருக்கும் என்று கணக்கு. கையில் கிடைத்தது சுமார் 10 கிலோ.

நம் நாட்டில் 2017 ஜூன் 6 அன்று ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புரா என்ற ஊரில் வயலில் ஒரு கார்பன் வகைக் கல் விழுந்தது. எடை இரண்டு கிலோ சொச்சம். மெத்தென்ற மண்ணில் விழுந்தும் துண்டு துண்டாக உடைந்துபோனது.

நான்காவது சல்லடை நாம்தான். மண்ணில் விழுந்த கல்லை யாராவது பார்க்க வேண்டும், வித்தியாசமாக இருக்கிறதே என்று எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டமோ கருப்பு கிரானைட்டுக்குப் பேர் போனது. டோலரைட் என்ற கருங்கல் திரும்பின பக்கமெல்லாம் கிடக்கிறது. ஓசூர்ப் பக்கம் ஃபவுண்டரி கசடு வேறு. கருப்பு, கனம், காந்தம் ஒட்டும், உருகி வழிந்த மாதிரி மேல்தோல், அசல் விண்கல் மாதிரியே இருக்கும். இதற்கு நடுவில் கரித்துண்டு மாதிரி ஒரு கல் கிடந்தால் யார் குனிந்து எடுப்பார்கள்? இரண்டு மழை பெய்தால் அது கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும்.

நாட்றம்பள்ளி

'கார்பன் வகை விண்கல்' என்ற சொல் நம் பக்கம் ஒரு தடவை செய்தித்தாளில் பெரிதாக அடிபட்டது. 2016 பிப்ரவரி 6 அன்று, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய நாட்றம்பள்ளி அருகே, ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் திடீரென்று வெடிச்சத்தம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்து இறந்தார் என்று அரசே அறிவித்து நிவாரணமும் தந்தது. அங்கே கிடைத்த சின்னக் கருங்கல்லைச் சோதித்ததில் 'கார்பனேசியஸ் காண்ட்ரைட்' தெரிகிறது என்றும் செய்தி வந்தது. உலகம் முழுக்கப் பேசினார்கள். ஏனென்றால் விண்கல் விழுந்து மனிதர் இறந்தார் என்று சந்தேகமற நிரூபணமானால், நவீன காலத்தில் அதுதான் முதல் தடவை.

ஆனால் இணையத்தில் வந்த படங்களைப் பார்த்த நாசா தரப்பு, இது தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றது. உலக விண்கல் பட்டியலில் அந்தக் கல் ஏறவும் இல்லை.

இங்கேதான் இந்த விஷயத்தின் எடை புரிகிறது. ஒரு குடும்பத்துக்கு அது வெறும் அறிவியல் கேள்வி கிடையாது. வானத்திலிருந்து கல் விழுந்தது என்றால் விதி, யாரும் பொறுப்பில்லை. தரையில் எதுவோ வெடித்தது என்றால் யாரோ பதில் சொல்ல வேண்டும். கருப்பாக இருக்கிறது, கார்பன் இருக்கிறது என்பது மட்டும் ஒரு கல்லை விண்கல் ஆக்கிவிடாது. அடுப்புக்கரியிலும் கார்பன் இருக்கிறது. உருகிய மேல்தோல், உள்ளே காண்ட்ரூல் எனப்படும் குட்டி உருண்டைகள், ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் என்று ஒவ்வொன்றாகத் தேறி வர வேண்டும். அரிதான வகை என்பதாலேயே இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்.

லாரியை விட்டு மலைக்கு

சல்லடை வழியாக வருவதை நம்ப முடியாது என்றால் ஒரே வழி, மலைக்கே போய் அள்ளி வருவது.

ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010ல் இட்டோகாவா என்ற வெளிர்ச் சிறுகோளிலிருந்து தூசு கொண்டுவந்தது. பரிசோதித்தால் அது எல்.எல். வகை! நம்ம சூளகிரிக் கல்லின் பங்காளி. 2020 டிசம்பரில் ஹயபுசா-2, ரியுகு என்ற கருஞ்சிறுகோளிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்தது. 2023 செப்டம்பர் 24 அன்று நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ், பெண்ணு என்ற இன்னொரு கருப்பிலிருந்து 121.6 கிராம் கொண்டுவந்தது.

பெண்ணுவில் விண்கலம் கை வைத்ததும் தரை எதிர்க்கவே இல்லை. அரை மீட்டர் வரை உள்ளே போய்விட்டது, குழந்தைகள் விளையாடும் பந்துக் குளத்தில் இறங்கிய மாதிரி. அங்கே கிடக்கும் பாறைகளில் பல, பூமியின் காற்றில் நுழைந்தால் தப்பிக்காது என்று அளவீடுகள் காட்டின. அதாவது அந்த மாதிரிக் கல்லை நாம் தரையில் எத்தனை காலம் தேடினாலும் பார்த்திருக்கவே முடியாது.

அந்த 121 கிராமுக்குள் என்ன இருந்தது? உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14. மரபணுவின் எழுத்துகளான ஐந்து காரங்களும். கூடவே உப்புநீர் வற்றியபோது படியும் உப்புகள். 2025 ஜனவரியில் இதெல்லாம் வெளியானது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உப்பு. தண்ணீர் பட்டால் கரைந்துபோகிற சமாச்சாரம். பூமியில் விழுந்த கல்லாக இருந்தால் ஈரக்காற்றே அதை அழித்திருக்கும். அழித்தது தெரியாமல் 'இந்தக் கற்களில் அந்த உப்பே கிடையாது' என்று நாம் எழுதி வைத்திருப்போம்.

பூமியில் தண்ணீரும் கார்பனும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு விடை தேட நாம் வைத்திருந்த சாட்சிகள் பெரும்பாலும் வலுவான, வெந்த, சூளகிரி வகைக் கற்கள்தான். பொய்ச் சாட்சிகள் அல்ல, ஆனால் ஒரு பக்கச் சாட்சிகள்.

ஒருவேளை விழுந்தால்

சல்லடைகள் எல்லாவற்றையும் தாண்டி எப்போதாவது ஒன்று வரத்தான் செய்கிறது. முகுந்த்புராவில் வந்தது. நாளைக்கே ராயக்கோட்டையிலோ வேப்பனப்பள்ளியிலோ ஒரு தக்காளித் தோட்டத்தில் வரலாம். நான்காவது சல்லடை மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்டு, கல் விழுந்ததைக் கண்ணால் பார்த்து, உடைந்த முகம் வெளிர்ச் சாம்பலாக இருந்தால் அது அநேகமாகச் சூளகிரி வகை. வெளித்தோல் எப்படியும் கருப்பாகத்தான் இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். உள்ளேயும் கரி மாதிரி இருந்தால் அவசரம். தண்ணீரில் கழுவக் கூடாது. மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலாபிஷேகம் செய்ய நம்ம ஊரில் ஆள் வந்துவிடுவார்கள், கும்பிடட்டும், ஆனால் தொடாமல் கும்பிடட்டும். காந்தத்தை ஒட்டிப் பார்க்கக் கூடாது, கல்லுக்குள் பதிந்திருக்கும் 450 கோடி ஆண்டுப் பழைய காந்தச் சுவடு அந்த ஒரு நொடியில் அழிந்துபோகும். வெறும் கையால் எடுக்காமல், சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். விழுந்த இடத்தையும் நேரத்தையும் போட்டோவோடு குறித்துவையுங்கள். பிறகு வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் போகட்டும். டாகிஷ் ஏரியில் முதல் துண்டுகளை எடுத்த உள்ளூர்க்காரர் செய்ததும் இவ்வளவுதான்: கை படாமல் எடுத்தார், உருகவிடாமல் ஃப்ரீசரில் வைத்தார். அதனால்தான் அந்தப் பத்துக் கிலோ இன்றைக்கும் ஆராய்ச்சிக்கு ஆகிறது.

வெளிர்க் கல் இன்னும் நூறு வரும். கருப்பு ஒன்று வந்தால், அன்றைக்கு மழை பெய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்.